போர்ச்சுல ஓடுன நாலு நாள் சைக்கிள் ரேஸ்: யாரு ஜெயிப்பாங்கன்னு போட்ட கணக்கும் சூடான ரோலரும்

ஒரு வழியா போன ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு நாலாவது ஸ்டேஜும் முடிஞ்சுது. ரெண்டு மாசமா இதையே பிடிச்சுக்கிட்டு நின்னேன், முதல் தடவை பாதியிலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு, ரெண்டாவது தடவைதான் உருப்படியா வந்துச்சு. மறக்குறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உக்காந்திருக்கேன், இதே மாதிரி வீட்டுல செய்யணும்னு நெனக்கிறவங்களுக்கு நான் தப்பு பண்ண இடமாவது உதவும்.

விஷயம் இதுதான். ஜெலுத்தோங்ல எங்க வீட்டு போர்ச்சுல ஒரு ஸ்மார்ட் ட்ரெய்னர் (சைக்கிள மாட்டி நின்ன இடத்துலயே ஓட்டுற, கம்ப்யூட்டரோட சேர்ற மெஷின்) போட்டு, நம்ம பினாங்கு ரோட்டையே கம்ப்யூட்டர்ல ஏத்தி, அஞ்சு பேரு நாலு நாள் அடுத்தடுத்து ஓட்டுறது. ஒரே ட்ரெய்னர்தான், அதனால ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஓட்டி நேரத்த கூட்டுவோம். நாலு நாளும் கூட்டுன நேரம் யாருக்கு கம்மியோ அவங்க ஜெயிச்சாங்க. அதுக்கு முன்னாடியே ஆளுக்கு ஆள் டெஸ்ட் எடுத்து, யாரு எந்த ஸ்டேஜ்ல எவ்வளவு நேரத்துல முடிப்பாங்க, மொத்தத்துல யாரு மேல வருவாங்கன்னு ஷீட்ல கணக்கு போட்டு எல்லாருக்கும் அனுப்புறது என் வேலை. எனக்கு ரேஸ விட அந்தக் கணக்குதான் பெருசு.

ஓட்டுறவங்கள சொல்லிடறேன். பேரு வேணாம், நாங்க கூப்பிடுற மாதிரியே எழுதறேன். நர்ஸ் அக்கா, 52 கிலோ, பத்து வருஷமா தண்ணீர்மலை பக்கத்துல இருந்து கொடிமலை (பினாங்கு ஹில்) ஜீப் ரோட்டுல ஏறுறவங்க. ஃபேக்டரி தம்பி, பாயான் லெப்பாஸ்ல ஷிப்ட் வேலை, 58 கிலோ, இருபத்தாறு வயசு. வாத்தியார், தமிழ்ப்பள்ளியில வேலை, 67 கிலோ, எந்த நாளும் ஒரே மாதிரி ஓட்டுவாரு. லோரி அண்ணன், 92 கிலோ, நேர் ரோட்டுல அவர் பின்னாடி நிக்கவே கஷ்டம். கடைசியா நானு, 74 கிலோ.

சாமான் கணக்கு முதல்ல. பின் டயர் ரோலர் மேல உருளுற மாதிரி ட்ரெய்னர், செகண்ட் ஹேண்ட், 480 வெள்ளி (ரிங்கிட்). அதுக்குன்னே விக்கிற டயர் 110 (ரோட்டுல ஓட்டுற டயரப் போட்டா ஒரு வாரத்துல தேஞ்சிடும், கருப்புத் தூளா தரையெல்லாம் கொட்டும்). 24 இஞ்ச் பெரிய காத்தாடி (ஃபேன்), ஃபேக்டரியில வைக்கிற மாதிரி, 189. லாப்டாப்புல சொருகுற சிக்னல் டாங்கிள் 45, அதுக்கு ரெண்டு மீட்டர் யுஎஸ்பி வயர் 12. தராசு 39. கீழ போடுற ரப்பர் பாய் 60. மொத்தம் 935 வெள்ளி. இதுல அந்த 12 வெள்ளி வயர்தான் ரொம்ப உபயோகம்னு சொல்லுவேன். டாங்கிள லாப்டாப்புலயே சொருகுனப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சிக்னல் விட்டுப் போச்சு, வீட்டு வைஃபை பெட்டி நேர் பின்னாடி செவுத்துலதான் இருக்கு, ரெண்டும் ஒரே அலைவரிசை. வயர் போட்டு டாங்கிள ட்ரெய்னர் காலுக்குப் பக்கத்துல கொண்டு வந்து டேப் ஒட்டினேன், அதோட சரி, நாலு நாளும் ஒரு தடவை கூட விடல.

அப்புறம் ரோடு. நாலு ஸ்டேஜ் வச்சேன். முதல் நாள் பாடாங் கோத்தாவுல இருந்து கர்னி, தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி வழியா தெலுக் பஹாங், 20 கிலோமீட்டர் சொச்சம். ரெண்டாவது நாள், தீவுல இருந்து எதிர்க்கரைக்குப் போற ரெண்டாவது பினாங்கு பாலம், பத்து மாவுங்ல இருந்து பத்து காவான், 24 கிலோமீட்டர். 2014ல தொறந்ததுல இருந்து காடியில போறப்பெல்லாம் இதுல ஒரு தடவை சைக்கிள்ல அழுத்திப் பாக்கணும்னு ஆசை, சாதாரண நாள்ல சைக்கிள விட மாட்டாங்க, அதனாலேயே இத வச்சேன். மூணாவது நாள் தெலுக் பஹாங் அணை தாண்டி தித்தி கெராவாங் ஏறி பாலிக் பூலாவ் எறங்குறது. நாலாவது நாள் கொடிமலை ஜீப் ரோடு, 5 கிலோமீட்டர், என் ஃபைல்ல 680 மீட்டர் ஏத்தம்.

இந்த ஃபைல்தான் முதல் தலைவலி. ரோட்டோட வழியும் உயரமும் புள்ளி புள்ளியா இருக்கற ஜிபிஎக்ஸ் ஃபைல் எறக்கி அப்படியே ஏத்திட்டேன். பாலத்துல ஓட்டிப் பாத்தா திடீர்னு செங்குத்தா ஏறுது, அடுத்த நொடி பள்ளத்துல விழுது, ட்ரெய்னர் கடக் கடக்குன்னு பிடிச்சுப் பிடிச்சு விடுது. தொறந்து பாத்தப்பதான் புரிஞ்சுது. உயரத்த சாட்டிலைட் படத்துல இருந்து எடுக்கறாங்க, பாலத்துக்கு மேல ஒரு புள்ளி, பக்கத்துல கடல் தண்ணில ஒரு புள்ளின்னு மாத்தி மாத்தி விழுந்திருக்கு. தட்டையான பாலத்துல 212 மீட்டர் ஏத்தம்னு காட்டுச்சு. கையாலயே ஒவ்வொரு வரியா அழிச்சு, ரெண்டு கரையிலயும் தரை உயரம், நடுவுல கப்பல் போற இடத்துல மட்டும் ஒரு மேடுன்னு போட்டேன், ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு. கொடிமலை ரோடு வேற மாதிரி. அங்க மரம் மூடிக் கெடக்கு, சிக்னல் சரியா கெடைக்காது, ஒரு இடத்துல 34 சதவீதம் ஏத்தம்னு காட்டுது, அடுத்த பத்து மீட்டர்ல எறக்கம். நூறு மீட்டருக்கு ஒரு புள்ளி மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த தூக்கிட்டேன். கீழ உள்ள உயரமும் மேல உள்ள உயரமும் சரியா இருந்தா போதும், நடுவுல கொஞ்சம் வழவழன்னு ஆனாலும் மொத்த நேரம் பெருசா மாறாது.

இப்ப டெஸ்ட். ஆளுக்கு 20 நிமிஷம் முழு மூச்சா அழுத்தணும், வர்ற சராசரி வாட்ஸ்ல 95 சதவீதம் எடுத்தா அதுதான் அவங்களோட எஃப்டிபி, அதாவது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தாக்குப் பிடிச்சு அழுத்தக்கூடிய அளவு. ஒரே ராத்திரியில அஞ்சு பேருக்கும் எடுத்துட்டேன். நர்ஸ் அக்காவுக்கு நைட் டியூட்டி, அதனால அவங்க முதல்ல வந்து ஓட்டிட்டுப் போனாங்க. கடைசியா ஃபேக்டரி தம்பி, பத்து மணிக்கு. அக்கா 205 வாட்ஸ், அதுல 95 சதவீதம் 195. லோரி அண்ணன் 316, அதாவது 300. நான் 242, அது 230. தம்பி 237, அது 225.

58 கிலோவுக்கு 225 வாட்ஸ்னா கிட்டத்தட்ட கிலோவுக்கு 3.9. நான் அத பாத்ததும் ரேஸ் முடிஞ்சிடுச்சுன்னே நெனச்சேன். ஷீட்ல போட்டா பாலம் தம்பிக்கு 39:11, அக்காவுக்கு 40:39. கொடிமலை தம்பிக்கு 34:43, அக்காவுக்கு 36:27. லோரி அண்ணன் பாலத்துல 38:28ல பறப்பாரு, ஆனா மலையில 39:05. இந்த ரெண்டு ஸ்டேஜ்லயே தம்பி அக்காவ விட மூணு நிமிஷத்துக்கு மேல முன்னாடி. வாட்ஸ்அப்புல அனுப்புன முதல் பட்டியல்ல தம்பிதான் முதல், அக்கா ரெண்டாவது, அண்ணன் மூணாவது.

இந்த இடத்துல ஒன்னு சொல்லணும். 2020 டிசம்பர்ல யுசிஐ (உலக சைக்கிள் சங்கம்) முதல் தடவையா சைக்கிள் ஈ-ஸ்போர்ட்ஸ் உலகச் சாம்பியன்ஷிப் நடத்துனப்ப எல்லா ஓட்டக்காரங்களுக்கும் ஒரே மாடல் ட்ரெய்னர் அனுப்பி வச்சாங்க, மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் வரக்கூடாதுன்னு. எனக்கு அது ஞாபகம் இருந்துச்சு, நம்மகிட்ட இருக்கறதே ஒரு மெஷின், எல்லாரும் அதுலதான் ஓட்டுறாங்க, அப்ப அந்தக் கவலை நமக்கு இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன். தப்பு பண்ண இடம் அதுதான்.

முதல் ஸ்டேஜ் ஓடுனோம். டெஸ்ட் எடுத்த அதே வரிசை, அக்கா முதல்ல, தம்பி கடைசி. ஷீட்டுக்கும் நடந்ததுக்கும் யாருக்குமே 20 செகண்டுக்கு மேல வித்தியாசம் இல்ல. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம், கணக்கு இவ்வளவு சரியா வரும்னு நானே எதிர்பாக்கல.

மறுநாள் பாலம். அக்காவுக்கு வார்டுல ஆள் இல்லன்னு டியூட்டி நீண்டுபோச்சு, ஒன்பது மணிக்குதான் வர முடியும்னு சொல்லிட்டாங்க. சரின்னு தம்பிய முதல்ல ஏத்துனேன், அக்கா கடைசி. தம்பி 40:42. அக்கா 39:06. ஷீட்ல தம்பி ஒன்னரை நிமிஷம் முன்னாடி இருக்கணும், இங்க அக்கா ஒன்னரை நிமிஷம் முன்னாடி. எட்டு மணி நேரத்துக்கு மேல நின்னு வேலை பாத்துட்டு வந்தவங்க முந்தின நாளைவிட 20 வாட்ஸ் கூட போடறாங்க.

தம்பி பாவம், சோர்ந்து போய் படியில உக்காந்துட்டான். 'அண்ணே, நான் நேத்து மாதிரிதான் அழுத்துனேன், காலு அதேதான், ஸ்கிரீன்ல நம்பர் வரவே இல்ல'ன்னு சொல்றான். அக்கா எறங்கி தலையத் தொடச்சுக்கிட்டே வேற ஒன்னு சொன்னாங்க. 'தம்பி, உன் ஷீட்ல கொடிமலைக்கு எனக்குப் போட்டிருக்கற நேரத்தையும் பாத்தேன். அதுல வழியில உள்ள '84'ன்னு சொல்ற டீக்கடை வரைக்கும் 19 நிமிஷம் 40 செகண்ட்னு இருக்கு. நான் வாராவாரம் அங்கதான் நின்னு தண்ணி குடிக்கிறேன், என் வாட்ச்ல 18:55க்கு மேல போனதே இல்ல. நீ என்னைய கம்மியா கணக்கு போட்டிருக்க.'

அந்த ஒரு வார்த்தையில எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. அக்காவ கம்மியா காட்டுது, தம்பிய கூட காட்டுது. முதல்ல ஓட்டுறவங்களுக்குக் குறைக்குது, கடைசியா ஓட்டுறவங்களுக்குக் குடுக்குது. ரேஸ அன்னிக்கே நிறுத்துனேன், ரெண்டு ஸ்டேஜும் செல்லாதுன்னு சொல்லிட்டேன். யாரும் கோவப்படல, லோரி அண்ணன் மட்டும் 'நீ சரி பண்ணிட்டு கூப்பிடு தம்பி, நான் வர்றேன்'ன்னு சொல்லிட்டு கெளம்புனாரு.

மறுவாரம் சைக்கிள் கடை வச்சிருக்கற கூட்டாளிகிட்ட பெடல்லயே பவர் அளக்குற மீட்டர் ஒன்னு மூணு வாரத்துக்கு வாங்கிட்டு வந்தேன். அத என் சைக்கிள்ல மாட்டி, பெடல் 200 வாட்ஸ் காட்டுற மாதிரியே விடாம அழுத்திக்கிட்டு, ட்ரெய்னர் என்ன சொல்லுதுன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதுனேன். மெஷின் குளுந்திருக்கறப்ப 190. பத்து நிமிஷத்துல 197. இருபதுல 205. நாப்பது நிமிஷத்துல 215. கால் அதே 200தான். கையால தொட்டுப் பாத்தா ரோலருக்குப் பக்கத்துல உள்ள அலுமினியத் தகடு சுடுது, டயரும் சுடுது. இந்த மாதிரி ட்ரெய்னர் உண்மையில பவர அளக்கல, ரோலர் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு பாத்து இவ்வளவு வாட்ஸ் இருக்கும்னு கணக்கு போடுது. டயர் சூடானா உராய்வு கொறையுது, தகடு சூடானா காந்தத்தோட பிடியும் கொறையுது, ஓட்டுறவங்களுக்கு லேசாகுது, மெஷினுக்கு அது தெரியாது. நான் ஸ்பின் டவுன் (வேகமா சுத்தி விட்டு, ரோலர் தானா நிக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்து மெஷின் தன் கணக்க சரி பண்ணிக்கிறது) பண்ணது சாயங்காலம் ஒரே ஒரு தடவை, அதுவும் குளுந்த மெஷின்ல.

முதல் ஸ்டேஜ் கணக்கு அவ்வளவு சரியா வந்ததுக்கும் இதே தப்புதான் காரணம். டெஸ்ட்லயும் அதே வரிசை, ரேஸ்லயும் அதே வரிசை, ரெண்டுலயும் ஒரே அளவு பிசகு. வரிசை மாறாம நாலு நாளும் ஓடியிருந்தா தம்பி ஜெயிச்சிருப்பான், நானும் என் கணக்கு பலிச்சுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பேன். அத நெனச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கு.

சரி பண்ணது எப்படின்னு சொல்றேன். ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என் பையன் 15 நிமிஷம் சும்மா ஓட்டி மெஷின சூடாக்குவான். ஒவ்வொருத்தர் ஏறுறதுக்கு முன்னாடியும் டயர்ல 100 பிஎஸ்ஐ காத்து பாத்துடுவேன், ரோலர் டயரத் தொட்டதுல இருந்து திருகாணிய ரெண்டரை சுத்து, கூடவும் இல்ல கொறையவும் இல்ல, மார்க்கர் பேனாவுல கோடு போட்டு வச்சிருக்கேன். அதுக்கப்புறம் ஸ்பின் டவுன். வீட்டுல இருந்த சின்னக் காத்தாடிய ரோலருக்கு நேரா தரையில வச்சேன், பெரிய காத்தாடி ஆளுக்கு. ரெண்டு பேருக்கு நடுவுல 12 நிமிஷம் இடைவெளி. இத்தனையும் பண்ணி பெடலோட ஒத்துப் பாத்தா 200க்கு 198ல இருந்து 204க்குள்ள நிக்குது. மூணு மணி நேரம் ஓடுனதுக்கப்புறமும் அதேதான்.

சக்கரம் மாத்துறதுல ஒரு சிக்கல் வந்துச்சு. ட்ரெய்னர் டயர் போட்ட பின் சக்கரத்த அவங்கவங்க சைக்கிள்ல மாட்டி ஏத்தலாம்னு இருந்தேன், நாலு பேருக்கு சரியா வந்துச்சு, எல்லாம் ரிம் பிரேக்கு, 10 கியர். லோரி அண்ணனோடது புது சைக்கிள், டிஸ்க் பிரேக்கு, ஆக்ஸிலே வேற, ஏறவே ஏறாது. என் சைக்கிள்ல சீட்ட 9 சென்டிமீட்டர் ஒசத்தி அவருக்குக் குடுத்தோம். முதல் நாள் முட்டி வலிக்குதுன்னாரு, இன்னும் ஒரு சென்டிமீட்டர் ஏத்துனதும் சரியாச்சு.

கொடிமலைய ஒத்திகை பாத்தப்ப இன்னொன்னு தெரிஞ்சுது. இந்த விலையில உள்ள ட்ரெய்னர் செங்குத்தான ஏத்தத்த அப்படியே காட்டாது. சின்ன கியர்ல மெதுவா சுத்துனா ரோலருக்கு வேகம் பத்தல, பிடி கெடைக்கல, அழுத்துனா டயர் கிறீச்னு வழுக்குது. சாஃப்ட்வேர்ல ஏத்தத்த பாதியா உணர்ற மாதிரி வச்சிட்டு, பெரிய கியர்ல ஓட்டச் சொன்னேன். காலுக்குத் தெரியுற ஏத்தம்தான் பாதி, ஸ்கிரீன்ல வேகம் அதே வாட்ஸுக்கு அதே வேகம்தான், யாருக்கும் ஒரு செகண்ட் கூட லாபம் இல்ல. இத நாலு தடவை விளக்க வேண்டியதா இருந்துச்சு.

தராசு கதையும் இருக்கு. எடைய அவங்கவங்க சொன்னதையே முதல்ல போட்டிருந்தேன். மலையில ஒரு கிலோன்னா அக்காவுக்கு அரை நிமிஷத்துக்கு மேல, அண்ணனுக்கே 23 செகண்ட், சும்மா விடக்கூடாத விஷயம். தராச போர்ச் டைல்ஸ் மேல வச்சா ஒன்னு காட்டுது, ரப்பர் பாய் மேல வச்சா ஒன்னு காட்டுது. பிரிக்காத 10 கிலோ அரிசி மூட்டைய வச்சுப் பாத்து, ரெண்டு தடவையும் ஒரே நம்பர் வர்ற இடம் வீட்டுக்குள்ள சாமி ரூமுக்கு வெளியில உள்ள சிமெண்டுத் தரைதான்னு கண்டுபிடிச்சு அங்கேயே வச்சிட்டேன். தெனமும் ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஓட்டுனதுக்கப்புறம் ஒரு தடவை. பாலத்துல 40 நிமிஷத்துல எனக்கு 1.1 கிலோ எறங்கிடுச்சு, அத்தனையும் வேர்வை. சாயங்காலம் ஆறு மணிக்கும் நம்ம ஊரு புழுக்கம் போகாதே. அக்காதான் உப்பும் சீனியும் எலுமிச்சம்பழமும் போட்டு பெரிய ஜக்குல கலக்கி வச்சாங்க.

டெஸ்ட்ட மறுபடி எடுத்தோம், இந்தத் தடவை ஒரு மாத்தம். ஒரு நாள் டெஸ்ட் பத்தாதுன்னு தோணுச்சு. நாலு நாள் ரேஸ்ல முதல் நாள் எவ்வளவு அழுத்துறோம்ங்கறத விட மறுநாள் எவ்வளவு மிச்சம் இருக்குங்கறதுதான் முக்கியம். அதனால அடுத்தடுத்த ரெண்டு சாயங்காலம் 20 நிமிஷ டெஸ்ட். வந்த எஃப்டிபி: அக்கா 203, தம்பி 210, வாத்தியார் 225, அண்ணன் 296, நான் 224. இது முதல் நாளுக்கு. மறுநாள் அக்கா அதுல 98 சதவீதம் போட்டாங்க, வாத்தியார் 97, அண்ணன் 96, தம்பி 93. மூணாவது நாலாவது நாளுக்கு நானே கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு வச்சேன், அது என் ஊகம்தான்.

நாலாவது நாள மலையில வச்சதுக்கு லங்காவி ரேஸ்தான் (டூர் டி லங்காவி, மலேசியாவுல பல நாள் ஓடுற சைக்கிள் ரேஸ்) காரணம். 1996ல இருந்து அத பாக்குறவங்களுக்குத் தெரியும், கெந்திங் மலை ஏத்தம் இருக்கற வருஷம் மத்த நாள் எல்லாம் கடைசியில வேகமா பாயுற ஸ்பிரிண்டர்களுக்கு, மொத்த ரேஸும் அந்த ஒரு மலையிலதான். 2022ல இவான் சோசா, 2023ல சைமன் கார், ரெண்டு பேரும் கெந்திங் ஸ்டேஜ ஜெயிச்சு அந்த வருஷ ரேஸையும் ஜெயிச்சாங்க. நம்ம ரேஸ்லயும் அப்படித்தான் இருக்கும்னு ஷீட் சொல்லுச்சு. ரெண்டாவது பட்டியல்ல அக்கா முதல், லோரி அண்ணன் ரெண்டாவது, வாத்தியார் மூணு, தம்பி நாலு, நான் அஞ்சு. அக்காவுக்கும் அண்ணனுக்கும் நடுவுல 5 நிமிஷம் 47 செகண்ட்.

அண்ணன் ரெண்டாவதுன்னு போட்டதும் வாத்தியார் போன் பண்ணாரு. 'என்னப்பா, 92 கிலோ, மலையில என்னைய தாண்டுவாராமா?' தாண்ட மாட்டாரு வாத்தியாரே, ஆனா பாலத்துல உங்ககிட்ட ஒன்னரை நிமிஷம் எடுத்துடுவாரு, முதல் நாள் இன்னொரு முக்கா நிமிஷம், அத மலையில உங்களால திருப்பி எடுக்க முடியாது. ஷீட்ட அனுப்புனேன், ரொம்ப நேரம் பாத்துட்டு 'சரி, ஓட்டிப் பாப்போம்'னாரு.

வியாழக்கிழமை ஆரம்பிச்சோம், தெனமும் அஞ்சு மணிக்கு. வரிசைய தெனமும் மாத்துனேன், மெஷின நம்புனாலும் வெயிலும் புழுக்கமும் இருக்கே. முதல் ஸ்டேஜ் சீக்கிரம் முடிஞ்சுது, அண்ணன் அக்காவ விட 40 செகண்ட் முன்னாடி. பாலத்துல அண்ணன் 38:58, அக்கா 40:20. அண்ணன் ஓட்டுனத பாத்திருக்கணும், உடம்பு ஆடவே இல்ல, ரெண்டு கையும் கைப்பிடியில, வேர்வை மூக்கு நுனியில இருந்து சொட்டு சொட்டா ஹேண்டில் பார் மேல விழுது, அத தொடைக்கக்கூட கைய எடுக்கல. பையன் பக்கத்துல நின்னு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நேரம் கத்திக்கிட்டே இருந்தான்.

தித்தி கெராவாங்ல அக்கா ஏத்தத்துல நெறைய எடுத்தாங்க, ஆனா எறக்கத்துல அண்ணனோட எடை அவருக்கே உதவுச்சு, கடைசியில அக்கா 1:05 தான் முன்னாடி. அதாவது மூணு நாள் முடிஞ்சும் அண்ணன்தான் 57 செகண்ட் முன்னாடி நின்னாரு. சனிக்கிழமை ராத்திரி அக்கா என்கிட்ட எதுவும் பேசல, தண்ணிய குடிச்சிட்டு சைக்கிள எடுத்துக்கிட்டு போயிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை கொடிமலை. வரிசையில அண்ணன் மூணாவது, அக்கா கடைசி. அண்ணன் 40:08. அக்கா ஏறுனப்ப மணி எட்டு அம்பது. முதல் ரெண்டு கிலோமீட்டர் 205 வாட்ஸ், எனக்கு பயம், இது கூடன்னு. அவங்க ஸ்கிரீனையே பாக்கல. 84 வர்ற இடத்துல நான் சொன்னேன், 'அக்கா, டீக்கடை'. தலைய மட்டும் ஆட்டுனாங்க. கடைசி ஒரு கிலோமீட்டர்ல மூச்சு சத்தம் காத்தாடி சத்தத்த தாண்டி கேட்டுச்சு. 35:58. ஷீட்ல 36:19 போட்டிருந்தேன்.

மொத்தத்துல அக்கா முதல், அண்ணன் ரெண்டாவது, 3 நிமிஷம் 13 செகண்ட் வித்தியாசம். மூணாவது தம்பி, வாத்தியார 48 செகண்ட்ல தாண்டிட்டான். அஞ்சாவது நான்.

ஷீட் தப்புன இடம் ரெண்டு. அண்ணன நான் ரொம்ப கொறச்சுட்டேன், நாலாவது நாள் 93 சதவீதம்தான் மிஞ்சும்னு வச்சேன், அவரு கிட்டத்தட்ட 99 போட்டாரு. கேட்டப்ப வெள்ளி சனி ரெண்டு நாளும் லோரி எடுக்கலயாம், டெஸ்ட் எடுத்த ரெண்டு நாளும் ஈப்போ வரைக்கும் போய்ட்டு வந்து ஓட்டியிருக்காரு. தம்பி கதையும் அதேதான், டெஸ்ட் வாரம் நைட் ஷிப்ட், பகல்ல அஞ்சு மணி நேரம்கூட தூங்கல, ரேஸ் வாரம் பகல் ஷிப்ட். நான் அவங்க காலோட தேய்மானம்னு நெனச்சு எழுதுன 96ம் 93ம் உண்மையில அவங்க தூக்கமும் வேலையும். அடுத்த தடவை டெஸ்ட் எடுக்கறப்ப முந்தின ராத்திரி எத்தன மணி நேரம் தூங்குனாங்க, அன்னிக்கு என்ன வேலைன்னு ஷீட்ல ரெண்டு கட்டம் போடணும். முடிஞ்சா ரேஸ் வாரத்துல உள்ள அதே ஷிப்ட்லயே டெஸ்ட்ட வைக்கணும்.

இன்னும் மாத்த வேண்டியது இருக்கு. பெடல் மீட்டர திருப்பிக் குடுத்துட்டேன், அது இல்லாம இந்த ட்ரெய்னர நம்பி ஓட்டுறது கஷ்டம். காசு சேர்ந்தா பின் சக்கரத்த கழட்டி நேரா செயின மாட்டுற மாதிரி ட்ரெய்னர் வாங்கணும், டயரும் ரோலரும் இல்லன்னா பாதிப் பிரச்சினை இல்ல. பத்து மணிக்கு மேல ஓட்டக்கூடாது, பக்கத்து வீட்டு பாட்டிக்கு காத்தாடி சத்தம் தாங்கல, ரெண்டு நாள் பொறுத்துக்கிட்டாங்க. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஒட்டி ஓட்டுற காத்து மறைவு இந்த ரேஸ்ல இல்ல, அதுக்கு ரெண்டு ட்ரெய்னராவது வேணும், அப்ப என் கணக்கு முழுக்க வேற மாதிரி ஆகணும்.

நேத்து காலையில ஏழரைக்கு அக்காகிட்ட இருந்து ஒரு படம் வந்துச்சு. கொடிமலை மேல, பின்னாடி பனி, கையில வாட்ச். நெஜ ரோட்டுல கீழ கேட்டுல இருந்து மேல வரைக்கும் 36:12. ஷீட்ல நாலாவது ஸ்டேஜுக்குப் பக்கத்துல புதுசா ஒரு கட்டம் போட்டு அத எழுதி வச்சிட்டேன். வாத்தியார்கிட்டயும் தம்பிகிட்டயும் அவங்க நேரத்த கேட்டிருக்கேன், லோரி அண்ணன் அடுத்த ஞாயிறு வர்றேன்னு சொல்லியிருக்காரு.